புரோக்கன் ஹில் பயணம்: பழைய பப்பின் மாடி அறையா, மோட்டலா, கேபினா?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கிற சுரங்க ஊர் புரோக்கன் ஹில். சிட்னியிலிருந்து அங்கே காரில் போனால் ஏறக்குறைய 1,150 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்டுகிற தூரம் இல்லை. வழியில் ஓர் இரவு, ஊரில் இரண்டோ மூன்றோ இரவு என்றுதான் பெரும்பாலானவர்கள் திட்டம் போடுகிறார்கள். எங்கே தங்குவது என்ற கேள்வி அப்போதுதான் வரும். நூறு வருடத்துக்கும் மேல் பழைய பப்பின் மாடி அறையா, நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலா, கேரவன் பார்க்கில் சமையல் வசதியோடு ஒரு கேபினா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதையில் கழிகிற இரவுக்கு மோட்டல். ஊரைப் பார்க்கவென்றே போய்த் தங்குகிற இரவுக்குப் பப். சின்னக் குழந்தைகளோ முழங்கால் வலி உள்ள பெரியவர்களோ கூட வந்தால் கேபின். இந்த மூன்றில் பப்பைப் பற்றித்தான் நம்மவர்களிடம் தயக்கம் அதிகம். "குடிக்கிற இடத்தில் குடும்பத்தோடு எப்படித் தங்குவது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தயக்கத்தால் இழப்பது பெரிது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் உட்புற ஊர்களில் பப் வெறும் மதுக்கடையாக உருவானதில்லை. 1853இல் தொடங்கிய காப் அண்ட் கோ குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில், குதிரை மாற்றும் இடங்களில் சத்திரங்கள் வந்தன. மது விற்க உரிமம் வேண்டுமானால் வழிப்போக்கருக்குப் படுக்கையும் சாப்பாடும் தர வேண்டும் என்று சட்டம் இருந்தது. கீழே பார், சாப்பாட்டுக் கூடம், மேலே வரிசையாக அறைகள், தெருவைப் பார்த்தபடி வராண்டா என்ற அமைப்பு அப்படி வந்ததுதான். சரக்கு மாதிரிகளைப் பெட்டியில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போன விற்பனைப் பிரதிநிதிகள், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளர்கள், வங்கிக்கு மாற்றலாகி வந்த இளைஞர்கள் எல்லாரும் அந்த மாடிகளில் தங்கியவர்கள். 'கமர்ஷியல் ஹோட்டல்', 'ரயில்வே ஹோட்டல்' என்ற பப் பெயர்கள் ஊருக்கு ஊர் கண்ணில் படுவதற்கும் காரணம் இவர்களும் ரயிலும்தான்.

இந்தக் கட்டடங்களின் வரலாறு முழுக்க இனிமையானதும் இல்லை. நியூ சவுத் வேல்ஸில் 1916 முதல் 1955 வரை பார்களை மாலை ஆறு மணிக்கு மூட வேண்டும். வேலை முடிவது ஐந்து மணி. இடையில் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தில் ஆண்கள் முண்டியடித்துக் குடித்தார்கள். கழுவிவிட வசதியாகப் பாதிச் சுவர் உயரத்துக்கு ஓடு பதித்த பார்களை இன்றும் பார்க்கலாம். பெண்களுக்குப் பொது பாரில் இடமில்லை, லவுஞ்ச் என்று தனி அறை. பூர்வகுடி மக்களுக்கு மது விற்பதையே நியூ சவுத் வேல்ஸ் சட்டம் 1963 வரை தடுத்து வைத்திருந்தது. புரோக்கன் ஹில் போகும் சாலையில் டார்லிங் நதிக்கரையில் இருக்கிற வில்கேனியா பார்க்கிஞ்சி மக்களின் ஊர். ஒரு காலத்தில் நீராவிப் படகுகள் வந்து நின்ற துறைமுகம், பப்களும் பல இருந்தன. அங்கே மணற்கல் கட்டடங்களை நின்று பாருங்கள். யாரெல்லாம் எந்த வாசல் வழியாக உள்ளே போக முடியவில்லை என்பதும் அந்தக் கட்டடங்களின் கதைதான்.

முதல் இரவு: கோபாரில் மோட்டல்

சிட்னியிலிருந்து டப்போ கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். அங்கிருந்து நிங்கன் வழியாகக் கோபார் இன்னொரு 300. காலையில் நேரத்தோடு கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே கோபார் சேரலாம். வெளிச்சம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். புரோக்கன் ஹில் போகும் பேரியர் நெடுஞ்சாலையில் பொழுது சாயும் நேரத்தில் கங்காருக்களும் காட்டு ஆடுகளும் சாலைக்கு வரும், ஈமுவும் குறுக்கே ஓடும். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் ஓட்டாதீர்கள். இருபது கிலோமீட்டர்தானே என்று தோன்றும்போதும் வேண்டாம்.

இப்படிக் களைத்து வந்து சேரும் இரவுக்கு மோட்டல்தான் சரி. அறை வாசலிலேயே கார் நிற்கும். பெட்டியை மாடி ஏற்ற வேண்டியதில்லை. குளியலறை உள்ளேயே இருக்கும், ஏசி இருக்கும், கெட்டில் இருக்கும், சின்ன ஃப்ரிட்ஜ் இருக்கும். செங்கல் சுவர், ஒரே மாதிரி வரிசை அறைகள். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் எதிர்பார்த்தது கிடைக்கும். பழைய மோட்டல்கள் சிலவற்றில் காலை உணவுக்கு ஓர் அருமையான ஏற்பாடு இன்னும் உண்டு. வேண்டியதை முந்தின இரவே அட்டையில் டிக் செய்து கொடுத்துவிட்டால், காலையில் சுவரில் உள்ள சின்னக் கதவைத் திறந்து தட்டை உள்ளே வைத்துவிட்டுப் போவார்கள். ஆளைப் பார்க்கவே வேண்டாம். ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையை ஒட்டிய அறை என்றால் இரவெல்லாம் சரக்கு லாரி சத்தம் கேட்கும். முன்பதிவு செய்யும்போதே பின்பக்க அறை கேளுங்கள்.

படுக்கை மோட்டலில் என்றாலும் இரவுச் சாப்பாட்டைப் பப்பில் வைத்துக்கொள்ளலாம். கோபாரில் 1898இல் கட்டிய கிரேட் வெஸ்டர்ன் ஹோட்டல் இருக்கிறது. இரும்புப் பூவேலை செய்த அதன் மாடி வராண்டா, மாநிலத்திலேயே மிக நீளமானவற்றில் ஒன்று. தெருவின் ஒரு பக்கம் முழுக்க அதுவே நிற்பதுபோல் இருக்கும். சாயங்கால வெயிலில் அதன் கீழே ஒரு நடை நடந்து பாருங்கள், செம்பு வெட்டியெடுத்த காலத்தில் இந்த ஊரில் எவ்வளவு பணம் புழங்கியது என்று புரியும். ஊருக்குள் நடந்தே போய் வரலாம் என்பதும் முக்கியம். ரத்தத்தில் ஆல்கஹால் 0.05ஐத் தொட்டாலே வண்டி ஓட்டுவது குற்றம். சிற்றூர்தானே என்று நினைக்க வேண்டாம், ஊதிப் பார்க்கச் சொல்லும் காவலர்கள் அங்கேயும் நிற்பார்கள்.

புரோக்கன் ஹில்லில் பப் ஏன்

இரண்டாம் நாள் வில்கேனியா வழியாக இன்னும் 450 கிலோமீட்டர் போனால் புரோக்கன் ஹில். இங்கே வந்து மோட்டலில் தங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். இவ்வளவு தூரம் வந்ததே இந்த ஊரைப் பார்க்கத்தானே? ஆர்ஜென்ட் தெருவும் சல்ஃபைடு தெருவும் சந்திக்கும் மூலையில் மூன்று மாடிப் பேலஸ் ஹோட்டல் நிற்கும்போது, ஊர் எல்லையில் எங்கோ ஒரு செங்கல் வரிசையில் ஏன் படுக்க வேண்டும்?

இந்தக் கட்டடம் பப்பாகப் பிறக்கவில்லை. மதுவிலக்கு இயக்கம் வலுவாக இருந்த காலத்தில், 1889இல், 'காபி பேலஸ்' என்ற பெயரில் மது இல்லாத தங்கும் விடுதியாகக் கட்டினார்கள். சுரங்கத் தொழிலாளர் ஊரில் காபியை வைத்து அவ்வளவு பெரிய கட்டடத்தை நடத்த முடியவில்லை. 1892இல் மது உரிமம் வாங்கிப் பேலஸ் ஹோட்டல் ஆனது. தங்க நினைப்பவர்கள் இந்த வரலாற்றைக் கவனிக்க வேண்டும். மற்றப் பப்களில் பாருக்கு மேலே போனால் போகிறதென்று கட்டிய சின்ன அறைகள் பல. இங்கே தங்குவதுதான் ஆரம்ப நோக்கம். விசாலமான படிக்கட்டு, அகலமான நடைவழி, நீண்ட வராண்டா எல்லாம் அந்த எண்ணத்தில் வந்தவை.

அப்புறம் ஓவியங்கள். 1970களில் இதை வாங்கிய மாரியோ செலோட்டோ, இத்தாலிய ஓவியர் பொத்திச்செல்லியின் வீனஸ் ஓவியத்தைத் தானே கூரையில் வரைந்தார். பிறகு கார்டன் வேய் என்ற பூர்வகுடி ஓவியரை அமர்த்தி, சுவரெங்கும் நிலக்காட்சிகளை வரையச் செய்தார். வறண்ட செம்மண் ஊரின் நடுவில், அருவியும் ஓடையும் மரங்களுமாகப் படிக்கட்டு முழுக்க நீர் ஓடுகிறது. 1994இல் வந்த 'பிரிசில்லா' படத்தின் காட்சிகளை இங்கே எடுத்த பிறகு உலகமெங்குமிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஓவியங்களைப் பார்த்துவிட்டுப் போக அறை எடுக்கத் தேவையில்லைதான். ஆனால் காலையில் கூட்டம் வருவதற்கு முன் அந்தப் படிகளில் தனியாக இறங்கி வருவது தங்குபவர்களுக்கு மட்டுமே கிடைக்கிற சுகம்.

மாடியில் நின்றால் ஊரின் அமைப்பு கண்ணுக்குப் பிடிபடும். ஆர்ஜென்ட், ஆக்ஸைடு, குளோரைடு, சல்ஃபைடு, புரோமைடு என்று தெருக்களுக்கெல்லாம் தாதுக்களும் ரசாயனங்களும்தான் பெயர். பின்னால் சுரங்கக் கழிவு மேடு நிற்கிறது. அதன் உச்சியில் சுரங்கத்தில் உயிர்விட்ட 800க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் பெயர்களைப் பொறித்த நினைவிடம். 1919இல் தொடங்கிப் பதினெட்டு மாதம் நீடித்த வேலைநிறுத்தத்தில் வாரத்துக்கு 35 மணி நேர வேலையை வென்றெடுத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். 2015இல் ஊர் முழுவதையும் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள், ஆஸ்திரேலியாவில் அப்படிச் சேர்ந்த முதல் நகரம் இது. இப்படிப்பட்ட ஊரின் நடுவில் தங்கி, காரை நிறுத்திவிட்டுக் காலாற நடப்பதற்கு ஈடாக எதையும் மோட்டலால் தர முடியாது.

பப்பில் தங்கினால் எதிர்பார்க்க வேண்டியவை

பேலஸ் என்றில்லை, எந்தப் பழைய பப்புக்கும் இது பொருந்தும். முதல் விஷயம் குளியலறை. மலிவான அறைகளுக்குக் குளியலறையும் கழிப்பறையும் நடைவழிக் கோடியில் பொதுவாக இருக்கும். பல ஊர்களில் இப்படிப்பட்ட அறை 100 டாலரை ஒட்டிக் கிடைக்கும், மோட்டல் அதைவிடக் கூடுதல். பெரும்பாலும் சுத்தமாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் இரவில் அடிக்கடி எழ வேண்டியவர்களுக்கு நடைவழி நடை சிரமம். குளியலறை சேர்ந்த அறைகளும் பெரிய பப்களில் சில உண்டு, பேலஸிலும் உண்டு. அவை முதலில் நிரம்பிவிடும் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது சத்தம். இதில் உங்கள் கையில் இருப்பது கிழமையைத் தேர்ந்தெடுப்பதுதான். ஞாயிறு முதல் புதன் வரை பல பப்கள் ஒன்பது மணிக்கே அடங்கிவிடும். வெள்ளி, சனி இரவுகளில் பாட்டுக் குழு இருக்கும், மரத் தரை அதிரும். புரோக்கன் ஹில்லில் கூடுதலாக ஒன்று உண்டு. இரண்டு காசுகளைச் சுண்டிவிட்டுப் பந்தயம் கட்டும் டூ-அப் ஆட்டத்துக்கு மாநிலத்தின் மற்ற இடங்களில் போர் வீரர்களை நினைவுகூரும் அன்சாக் தினம் போன்ற ஒருசில நாள்களில்தான் அனுமதி. இந்த ஊருக்கு மட்டும் வருடம் முழுக்க அனுமதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆட்டம் நடக்கும் இரவில் கூச்சலைக் கேட்டே ஆக வேண்டும். இறங்கி வந்து வேடிக்கை பாருங்கள், மாடியில் படுத்துக்கொண்டு புலம்புவதைவிட அது நல்லது. ஒரு சிற்றூர்ப் பப்பில் எனக்குக் கிடைத்த அறை, பீர்ப் பீப்பாய்களைக் குளிரூட்டும் இயந்திரத்துக்கு நேர் மேலே இருந்தது. பாட்டு பதினொன்றுக்கு நின்றது, இயந்திரம் விடியும்வரை நிற்கவில்லை. அதிலிருந்து, அறை எதற்கு மேலே இருக்கிறது என்று கேட்காமல் நான் பணம் கட்டுவதில்லை.

மூன்றாவது படி. பழைய பப்களில் லிஃப்ட் அரிது, படிகள் செங்குத்து. வரவேற்பு மேசையும் இருக்காது, பாரில்தான் சாவி வாங்க வேண்டும். எட்டு மணிக்கு மேல் வந்து சேர்வதாக இருந்தால் முன்பே போன் செய்து சொல்லிவிடுங்கள். பலகையில் ஹோட்டல் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிப் போய் நிற்கவும் வேண்டாம். மாடியைப் பூட்டிவிட்டுப் பாரையும் சூதாட்ட இயந்திரங்களையும் மட்டும் நடத்துகிற பப்கள் நிறைய ஆகிவிட்டன. நியூ சவுத் வேல்ஸ் பப்களில் அந்த இயந்திரங்களுக்கு 1997இல் அனுமதி கிடைத்தது, பல ஊர்களில் இன்று வருமானமே அவற்றில்தான். நாம் மாடி அறைக்குக் கொடுக்கும் பணம், கட்டடத்தைக் கட்டடமாகவே காப்பாற்றச் சொல்லும் பணம். வராண்டாப் பலகை மாற்றவும் கூரைத் தகரம் பூசவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பப் அறையை நான் பரிந்துரைப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பருவமும் பார்க்க வேண்டும். புரோக்கன் ஹில்லில் ஜனவரியில் 40 டிகிரியைத் தாண்டும், ஜூலை இரவுகளில் நன்றாகவே குளிரும். உயரமான கூரை பகலில் கொஞ்சம் உதவும், ஆனால் கோடையில் அறைக்கே ஏசி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை போனால் இந்தக் கவலை குறைவு. அந்த மாதங்களில் வராண்டா நாற்காலியை விட்டு எழவே மனசு வராது.

சாப்பாடும் கூட்டமும்

பப் சாப்பாடு என்றால் சிக்கன் பார்மி (பொரித்த கோழித் துண்டின் மேல் தக்காளிச் சாஸும் சீஸும்), ஷ்னிட்செல் (ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சி), ஸ்டேக், அன்றைய ரோஸ்ட், கூடவே சிப்ஸும் சாலடும். அசைவக்காரர்களுக்குக் குறையே இல்லை. சைவர்களுக்குப் பீட்சா, காளான், காய்கறி பர்கர் இருந்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் உருளைக்கிழங்கு வெட்ஜஸும் பூண்டு ரொட்டியும்தான். உட்புற ஊர்கள் பலவற்றில் ஒரு சீன உணவகம் இருக்கும், சில சமயம் ஊர் கிளப்புக்குள்ளேயே இருக்கும். சோறும் காய்கறியும் அங்கே நிச்சயம். பப் சமையலறை மாலை ஆறுக்குத் திறந்து எட்டுக்கே மூடிவிடும் என்பதை மறக்காதீர்கள். இன்னொன்று, புரோக்கன் ஹில் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் அதன் கடிகாரம் தெற்கு ஆஸ்திரேலிய நேரத்தில் ஓடுகிறது, சிட்னியைவிட அரை மணி நேரம் பின்னால். போகும்போது அந்த அரை மணி நமக்கு லாபம்.

குடிக்காதவர்கள் பாரில் உட்கார்ந்தால் யாரும் எதுவும் நினைப்பதில்லை. எலுமிச்சைச் சோடா வாங்கிக்கொள்ளலாம். லெமன் லைம் பிட்டர்ஸ் என்பதைக் குளிர்பானம் போலவே தருவார்கள், ஆனால் அதில் சில துளி ஆல்கஹால் உண்டு. முழுக்கத் தவிர்ப்பவர்கள் பிட்டர்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பக்கத்தில் இருப்பவர் உங்களுக்கு ஒரு பானம் வாங்கித் தந்தால் அடுத்த சுற்று உங்களுடையது. இதை 'ஷவுட்' என்பார்கள், தவறவிடக் கூடாத முறை அது. வேண்டாம் என்றால் முதல் சுற்றிலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அங்கே கிடைக்கிற பேச்சுதான் மோட்டலில் கிடைக்காதது. ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, ஆட்டுப் பண்ணைக்காரர், மாற்றுப் பணிக்கு வந்த நர்ஸ் எல்லாரும் வந்து உட்காருகிற இடம் அது. எந்த மண் சாலை மழையில் மூடிக் கிடக்கிறது என்பதை அவர்களைவிடச் சீக்கிரமாக எந்தச் செயலியும் சொல்லாது.

கேபின் யாருக்கு

கைக்குழந்தையோ, படி ஏற முடியாத அப்பா அம்மாவோ கூட வந்தால் கேரவன் பார்க் கேபினுக்கே போங்கள். தரைத்தளம், தனிக் குளியலறை, அடுப்பு, சாமான்கள் எல்லாம் இருக்கும். ரைஸ் குக்கரைத் தூக்கிப்போனால் இரண்டு வேளைச் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது. பிள்ளைகள் ஓடி விளையாட இடமும் உண்டு. ஊர் நடுவிலிருந்து தள்ளி இருக்கும், ஊரின் மணம் அங்கே வராது, அவ்வளவுதான் குறை. இங்கே தங்கினாலும் ஒரு வேளை பப்பில் சாப்பிடுங்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பெற்றோரோடு பிள்ளைகள் வருவது சாதாரணம்.

எங்கே தங்கினாலும் பெற்றோர் ஒன்றைக் கடைப்பிடிக்க வேண்டும். இது ஈயம் வெட்டிய ஊர், மண்ணிலும் தூசியிலும் ஈயம் உண்டு. ஊர்க் குழந்தைகளின் ரத்தத்தில் ஈய அளவைச் சுகாதாரத் துறை பல வருடங்களாகப் பரிசோதித்து வருகிறது. ஒரு சில நாள் பயணத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் சாப்பிடும் முன் பிள்ளைகளின் கையைக் கட்டாயம் கழுவிவிடுங்கள்.

பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்துவிட்டார்கள் என்றால் ஒரு நடுவழி உண்டு. இரண்டு இரவு கேபின், கடைசி ஒரு இரவு, அதுவும் வார நாளில், பேலஸில் குளியலறை சேர்ந்த அறை. பெட்டியை மாற்றுகிற சிரமம் இருக்கத்தான் செய்யும். அந்த மாடியில் ஒரு காலைப் பொழுதுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சில்வர்ட்டனைப் பகல் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். புரோக்கன் ஹில் வளர்ந்தபோது அங்கிருந்த வீடுகளையே பெயர்த்து இங்கே இழுத்து வந்தார்கள், ஊர் காலியானது. எஞ்சிய கட்டடங்களில் கல்லால் கட்டிய பப் இன்னும் திறந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டை அங்கே முடித்துக்கொண்டு, கங்காரு நேரத்துக்கு முன் ஊர் திரும்பிவிடலாம்.

திரும்பும் வழியில் கோபார் இரவுக்கு மறுபடி மோட்டல்தான். அன்று அரை மணி நேரம் நம் கையிலிருந்து போகும் என்பதால், புரோக்கன் ஹில்லிலிருந்து காலை எட்டுக்குள் கிளம்பிவிடுங்கள்.